பேச்சிமுத்துக்கு ஒரு நிமிடம்

ஒரே ஆள் இரண்டு கொதிகலன்களைப் பார்த்துக்கொள்வது என்று எங்கள் சங்கத் தலைவர்களும் நிர்வாகமும் பேசி முடித்திருந்தார்கள். சோதனைக்கு அப்படிப் பார்த்த முதல் வாரத்திலேயே பேச்சிமுத்து வெந்து செத்தான். "அந்த ஒப்பந்தத்துக்கு எதிரா ஒரு ஓட்டாவது விழணும்ணே" என்று சொல்லித்தான் ஆலையில் என்னைத் தேர்ந்தெடுத்து சங்கத்தின் அகில இந்திய மாநாட்டுக்கு அனுப்பினார்கள்.

மேடையில் பதினேழு நாற்காலிகள், பதினேழு சால்வைகள். பொதுச்செயலாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அதை மாட்டிக்கொண்டு, தாளைப் பார்த்துப் பெயரை வாசித்தார். "தியாகி பேச்சிமுத்துக்காக எல்லாரும் ஒரு நிமிஷம் எந்திரிச்சு நிப்போம்."

நாலாயிரம் பேர் எழுந்தோம்.

அரை நிமிடம் ஆகியிருக்கும். "நின்னபடியே அந்தக் கொதிகலன் ஒப்பந்தத்தையும் நிறைவேத்திருவோம் தோழர்களே," என்றார் தணிந்த குரலில். "எதிர்க்கிறவங்க மட்டும் உக்காரலாம்."

உட்காரத்தான் என் முழங்கால் மடங்கப் பார்த்தது. பேச்சிமுத்துக்கான நிமிடத்தில் இன்னும் பாதி மிச்சமிருந்தது. உட்காரவில்லை.

"ஏகமனதாக."

மண்டபமே கைதட்டிவிட்டு உட்கார்ந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"உக்காருங்க தோழர்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "மேடை மறைக்குது."