கையெழுத்துப் போட்ட புகார்

புகார்க் கடிதத்தின் அடியில் பெயரும் விலாசமும் தெளிவாக இருந்தன. துகிஜான், எதிர்ச்சாரி பாக்சோ கடை.

"வெட்கமே இல்லாம கையெழுத்து வேற போட்டிருக்கார் பாருங்க!" என்றாள் அதே சந்தில் குடியிருக்கும் ரத்மி. அதிகாரியின் தோளுக்கு மேல் எட்டிப் படித்துவிட்டாள்.

"பேரில்லாத புகாருக்கு நாங்க வர்றதில்ல, இபு" என்று அம்மா போட்டு மரியாதையாகச் சொன்னார் சுகாதார நிலைய அதிகாரி.

வர்சினி சூப் பானையை மூடினாள். அவளுடைய பாக்சோவில், சூப்பில் மிதக்கும் அந்த மாட்டிறைச்சி உருண்டைகளில், வெங்காரம் என்ற விஷ உப்பு கலந்திருக்கிறது என்று ஒரு மாதமாக அந்தச் சந்து முழுக்கப் பேச்சு. இல்லாவிட்டால் உருண்டை இப்படித் துள்ளுமா? கொண்டுவந்த பானை அப்படியே வீடு திரும்பியது. இன்னும் ஒரு வாரம் போனால் தள்ளுவண்டியை விற்றுவிட்டு அக்கா வீட்டில் ஒண்ட வேண்டியதுதான்.

"நானே மூணு தடவை உங்க ஆபீசுக்கு வந்து, என் கடையைச் சோதிச்சுப் பாருங்கன்னு கெஞ்சினேனே, பாக்?" என்று அதிகாரியை ஐயா போட்டுக் கேட்டாள்.

"தானா கேட்டா வரிசையில நிக்கணும். ஆறு மாசம் ஆகும். புகார்னா உடனே வந்தாகணும்."

அதிகாரி ஓர் உருண்டையை நசுக்கினார். மருந்து இரண்டு சொட்டு விட்டார். மஞ்சள் தடவிய தாளை அதில் நனைத்தார். தாள் சிவந்தால் கடைக்குப் பூட்டு.

சந்தே கூடி நின்று பார்த்தது.

மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே, இபு வர்சினி கை சுத்தம்னு!" என்று முதல் கிண்ணத்துக்குக் கை நீட்டினாள் ரத்மி. ஒரு மாதமாக இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள்.

"பாக் துகிஜான், வயிறு எரியுதா? ஒரு கிண்ணம் அனுப்பட்டுமா?" என்று யாரோ கத்தினார்கள். அவர் கடையில் உட்கார்ந்திருந்த நாலு பேரும் எழுந்து இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். துகிஜான் தலை நிமிராமல் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடியற்காலை, இறைச்சி அரைக்கும் மில். ஊரில் இருப்பது அது ஒன்றுதான். எல்லா பாக்சோ கடைக்காரர்களும் அங்கேதான் வரிசையில் நின்று, ஒருவர் கண்முன் ஒருவர் கலந்து அரைப்பார்கள்.

வர்சினி சட்டென்று திரும்பினாள். பின்னால் துகிஜான்.

"பத்து வருஷமா எனக்குப் பின்னாலதானே நிக்கிறீங்க, பாக்? என் இறைச்சியில என்ன போகுதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். ஐஸ், பூண்டு, உப்பு, மரவள்ளி மாவு. வேற ஒண்ணுமில்ல."

"அப்புறம் ஏன் அப்படி எழுதினீங்க?"

துகிஜான் தன் வாளியைக் கீழே வைத்தார்.

"'அவ சுத்தம்'னு ஒரு மாசமா வர்றவன் போறவன்கிட்டல்லாம் சொன்னேன், வர்சினி. ஒருத்தனும் நம்பல. 'விஷம்'னு ஒரே ஒரு தடவை எழுதிப் போட்டேன். மறுநாளே வண்டி வந்து நின்னுச்சு பாரு!"