ஒரு நாளைக்கு ஒரு தேடல்

"சார், சர்வர்ல பழுது எதுவும் இல்ல. ஒரே ஒரு ஆள்தான் அதை இந்தப் பாடு படுத்துறாரு!"

சொன்னவள் கணினிப் பொறியாளர். வந்த மூன்று நாளில் அலுவலகத்தில் எல்லோருக்கும் 'சர்வர் பொண்ணு' ஆகிவிட்டாள். மேசைக்கு அந்தப் பக்கம் நிர்வாகி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

காணாமல் போனவர்களைத் தேடித் தரும் இணையதளம் அது. தினமும் மதியம் பன்னிரண்டு ஆனால் போதும், நொண்டியடிக்கும். போன வாரம், மறதி நோயுள்ள கணவரைத் தொலைத்த ஒரு பெண், அவர் படத்தை ஏற்ற இரண்டு மணி நேரம் போராடினாள். அதற்குள் அவர் ஏதோ பேருந்தில் ஏறிப் போயிருந்தார். இன்னும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் நிர்வாகி இவளை வரவழைத்தார்.

அவள் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். கண்காணிப்பு மென்பொருள் வரைந்த நேற்றைய கோடு, காலை முழுக்கத் தரையோடு படுத்திருந்து, பன்னிரண்டுக்கு நெட்டுக்குத்தலாக எழுந்து, இரண்டு மணி வரை இறங்கவே இல்லை.

"ஒரு போட்டோ குடுத்துத் தேடினா, நாப்பதாயிரம் போட்டோவோட ஒத்துப் பாக்கணும். அதுவே பெரிய வேலை. இவரு ஒரே முகத்த முந்நூறு தடவ தேடுறாரு. ஏதோ ஒரு போன்லேருந்து. யாரைத் தேடுறாருன்னு வேணா பாக்கலாம், அந்தப் போட்டோ இங்கதான்..."

"வேண்டாம்." நிர்வாகியின் குரல் உயர்ந்துவிட்டது. "அடுத்தவங்க தேடுற முகத்த நாம பாக்கறதில்ல. இங்க அதான் முதல் விதி. தடுத்துடு."

"பாவம் சார். பெத்தவங்களா இருந்தா?"

"யாரா இருந்தாலும் சரி."

"சுமை எண்பது சதவீதம் தாண்டினா என் போன் அலறுற மாதிரி வச்சிருக்கேன். ஒருத்தர் இத்தனை தடவைக்கு மேல தேடினா தானா நிறுத்திட்டு எனக்குச் சொல்லவும் செய்யலாம். ஒரு நாளைக்கு இருபதுன்னு வைக்கவா?"

"ஒண்ணு."

"சார்!"

"ஆஸ்பத்திரி, காப்பகத்துலேருந்து வர்ற புதுப் படமெல்லாம் தினம் பன்னெண்டு மணிக்கு ஒரு தடவதான ஏறுது? ஒரு தடவ தேடினா போதும். மிச்சமெல்லாம் நப்பாசை."

என்ன மனுஷன் இவர்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைக்காரரிடம் பேரம் பேசுவதுபோல் பதினைந்து, பத்து என்று இறங்கி வந்தாள். அவர் அசைந்து கொடுக்கவில்லை.

"சரி, தடுத்ததும் திரையில என்ன வரணும்? 'மன்னிக்கவும்'னு ஆரம்பிக்கவா?"

அவர் ஒரு தாளில் எழுதி நீட்டினார். 'இன்றைக்குத் தேடியது போதும். எழுந்து போய்ச் சாப்பிடுங்கள்.'

"என்ன சார், வீட்டுல அதட்டற மாதிரி இருக்கு?"

அவர் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டு ஆகப் போகுது. எனக்கு வேலை இருக்கு. நீ வெளிய உக்காந்து போடும்மா. கதவைச் சாத்திட்டுப் போ."

அவள் எல்லாம் எழுதி முடிக்க ஒரு மணி ஆனது. மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். கோடு உச்சியில் நின்றது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு அந்தத் தடையை இயக்கினாள். கோடு பொத்தென்று விழுந்தது.

அவள் போன் ஒலித்தது. 'ஓர் இணைப்பு தடுக்கப்பட்டது.' அடுத்த நிமிடமே மறுபடியும். மறுபடியும். ஆறு எச்சரிக்கைகள் வந்துவிட்டன. யாரோ எங்கோ உட்கார்ந்து, சாத்திய கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. ஒரு நாளைக்குப் பத்துத் தேடலுக்காவது அனுமதி வாங்கிவிடுவது என்று எழுந்தவள், கேட்காமலே நிர்வாகியின் கதவைத் தள்ளினாள்.

மேசையில் சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமல் இருந்தது. அவர் கையில் போன். அதில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண்ணின் படம், அவருடைய அதே மூக்கோடு. படத்துக்குக் கீழே, அவர் எழுதித் தந்த அதே இரண்டு வரிகள்.

"சரியா வேலை செய்யுதும்மா" என்றார் அவர், கண்ணைத் துடைத்தபடி. "இனிமே நானே கெஞ்சினாலும் எடுத்துடாத."