போதகர் கேட்ட ரத்தச் சான்று

நைஜீரியாவின் இபாடான் நகர ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், சான்று எழுதித் தரும் லத்தீபாவின் மேசைமுன் மொரெனிகே உட்கார மாட்டாமல் அலைந்துகொண்டிருந்தாள். நாளைக் காலை போதகரிடம் சான்றைக் காட்ட வேண்டும். அதைப் பார்த்து, இருவர் ரத்தமும் பொருந்தினால்தான் அவர் கல்யாணத் தேதி குறிப்பார்.

"லத்தீபாக்கா, ஒரே ஒரு எழுத்து. மாத்திக் குடுங்க."

"தினம் நாலு பேர் இப்படித்தான் வந்து நிக்கிறாங்க. மாப்பிள்ளைக்கு ஏ.எஸ். தானே?"

"ஆமா."

"ஏ.எஸ்.னா ரத்தத்துல அரிவாள் செல் குறை ஒண்ணு இருக்குன்னு அர்த்தம். அது அவர்கிட்ட ஒண்ணு, உன்கிட்ட ஒண்ணு இருந்தா, பெறுற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலுல ஒரு பங்கு ஆபத்து. ரெண்டையும் வாங்கிட்டுப் பொறந்தா ஆயுசுக்கும் எலும்பு வலியில துடிக்கும். நீ படிச்சவதானே?"

"எங்க வீட்லயே முதல்ல காலேஜ் போனவ நான். எனக்குப் பாடம் எடுக்காதீங்க."

"அப்புறம் எதுக்குடி பொய்ச் சான்று? காதல் கண்ணை மறைக்குதா?"

மொரெனிகே தன் பரிசோதனை முடிவு இருந்த உறையை மேசைமேல் விசிறினாள். லத்தீபா பிரித்துப் பார்த்துத் திகைத்தாள்.

"உனக்கு ஏ.ஏ.ன்னுதானே இருக்கு! ஒரு குறையும் இல்லியே!"

"அதான்க்கா பிரச்சினை. ஏ.எஸ்.னு போடுங்க. அந்த ஆளு வேணாம்னு மூணு மாசமா கத்தறேன், எங்கப்பா காதுல விழல. என் ரத்தம் சொன்னாலாவது கேப்பாரு."