கரடியும் கிட்னியும்

"தோத்தவன் கிட்னி கொடுக்கணும். அப்புறம் பேச்சு மாறக் கூடாது" என்றான் பெரிய தம்பி.

"சரி. அழவும் கூடாது" என்றான் சின்னவன்.

சோபாவில் போர்வைக்குள் கிடந்த அக்காவுக்கு எல்லாம் நன்றாகவே கேட்டது. கெட்டுப்போனது கிட்னிதான், காது இல்லை.

காலையில்தான் டாக்டர் சொல்லியிருந்தார். தம்பிகள் இரண்டு பேருடைய கிட்னியும் பொருந்துகிறதாம். ஒருத்தர் கொடுத்தால் போதும், நீங்களே பேசி முடிவு பண்ணுங்கள் என்றார். பேசி முடிவு பண்ணுகிற ஜென்மங்களா இவர்கள்? ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ஆட்டோ வரை குசுகுசுவென்று ஒரே சண்டை. அக்கா பக்கத்தில் வந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் டிவியைப் போட்டார்கள்.

டயாலிசிஸ் இல்லாத நாட்களில் பொழுது போக அவள் வாங்கி வைத்த வீடியோ கேம் அது. இரண்டு குண்டுக் கரடிகள், நடுவில் ஒரு பலூன். முறை வரும்போது ஒன்றிலிருந்து மூன்று தடவை வரை பம்ப் அடிக்கலாம். எந்த அடியில் வெடிக்கும் என்று ஒருத்தருக்கும் தெரியாது. யார் அடிக்கும்போது வெடிக்கிறதோ அவன் தோற்றான். திறமைக்கு அங்கே வேலையே இல்லை, எல்லாம் குருட்டு அதிர்ஷ்டம்.

அக்கா எழுந்து போய் டிவிக்கு முன்னால் நின்றாள்.

"ஏன்டா, என் உயிர் உங்களுக்கு விளையாட்டா போச்சா?"

"அக்கா, மறைக்குது. கொஞ்சம் தள்ளு."

இவர்களுக்கு மூக்குச் சிந்திவிட்ட கை இது. ஒருத்தனாவது 'நான் தர்றேன் அக்கா' என்று வாயைத் திறந்தானா?

"எனக்கு யார் தயவும் வேணாம்டா. வாரத்துக்கு மூணு நாள் அந்த மெஷினோடயே கிடந்துட்டுப் போறேன்."

"சரிக்கா, இப்ப உட்காரு. ஆட்டம் ஆரம்பிக்கப் போகுது."

உட்கார்ந்தாள்.

பெரியவன் மூன்று அடித்தான். சின்னவனும் மூன்று. மறுபடி பெரியவன் மூன்று, சின்னவன் மூன்று, பெரியவன் மூன்று. பலூன் திரையை அடைத்துக்கொண்டு நின்றது. விவரம் தெரிந்தவன் இந்நேரம் ஒன்றே ஒன்று அடித்துவிட்டு நைசாக நழுவியிருப்பான். இதுகளுக்கு அந்த மூளையும் கிடையாது என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

படார்.

சின்னவனுடைய கரடி மல்லாக்க விழுந்தது.

தப்பித்தவன் துள்ளிக் குதிப்பான் என்று அவள் பெரியவனைப் பார்த்தாள். அவன் முகம் சிவந்து போய், கன்ட்ரோலரைச் சோபாவில் விட்டெறிந்தான்.

"இது செல்லாது. இன்னொரு ஆட்டம் வை."

"ஜெயிச்சது நீதானேடா? உனக்கு எதுக்கு இன்னொரு ஆட்டம்?" என்றாள் அக்கா.

அவன் கன்ட்ரோலரை மறுபடி கையில் எடுத்தான். சின்னவன் டிவியை அணைத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்.

"அதெல்லாம் முடியாது அண்ணா. நான் அடிச்சுத்தான் வெடிச்சுது, என் கிட்னிதான் அக்காவுக்கு. உனக்கு அவ்வளவு ஆசையா இருந்தா ஆஸ்பத்திரிக்கு ஃபிளாஸ்க் தூக்கிட்டு வா."