கதவோரக் குடை

முன்னறையில் தையல் மெஷினின் சக்கரம் வெயிலைச் சிதறடித்தபடி சுற்றுகிறது. என் மகள் குனிந்து ஒரு சட்டைக்குக் காலர் வைக்கிறாள். எதிர் நாற்காலியில் என் தங்கை காலாட்டிக்கொண்டு, தினமும் பாடும் அதே பாட்டைப் பாடுகிறாள். “புருஷனோட ஒத்துப்போகத் தெரியல. இந்த மெஷினாவது உன்னோட ஒத்துப்போகுதே, அதைச் சொல்லு!” சக்கரம் நிற்கிறது. மகள் நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறாள். “அத்தை, நீங்க வந்துட்டுப் போனா எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது. இனிமே வராதீங்க.” பார்வையைத் தாழ்த்தாமல்தான் சொல்கிறாள். தங்கை என் பக்கம் திரும்புகிறாள். “அண்ணே, கேட்டீங்களா? நல்லா வளத்திருக்கீங்க! வீட்டுக்கு வந்தவங்களப் போன்னு நம்ம குடும்பத்துல யாராவது சொல்லியிருக்கோமா?” சொன்னதில்லை. அந்தப் பெருமையில்தான் இத்தனை காலம் நிமிர்ந்து நடந்திருக்கிறேன். காது மடல் கொதிக்கிறது. கைத்தடியை ஊன்றி எழுகிறேன். என் முகத்தைப் பார்த்த மகள், சட்டையை மடித்து வைத்துவிட்டு உள்ளே போக எழுகிறாள். தங்கையின் உதட்டோரம் ஒரு சிரிப்பு. கதவோரம் சாய்த்திருக்கும் அவளுடைய குடையை எடுத்து அவள் மடியில் வைக்கிறேன். “என் பொண்ணுக்குச் சோறு இறங்காத வீட்டுக்கு என்னடி பெருமை? கிளம்பு.” அவள் குடையோடு எழுந்து வாசலுக்கு நடக்க, மகள் பக்கம் திரும்பி அதட்டுகிறேன். “உனக்கென்ன வேடிக்கை? உக்காந்து தை.”