பேச்சு நின்றால் அடி

புருஷனின் முதுகுக்கு நேராக உருட்டுக்கட்டையை ஓங்கிப் பிடித்தபடி நின்றாள் அவள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் முன்னால் ஒரு பழைய டிவி, பின்மூடி கழற்றப்பட்டு, குடலைக் காட்டிக்கொண்டு கிடந்தது. செத்த டிவிகளை வாங்கிப் பிரித்து, செம்பையும் அலுமினியத்தையும் தனித்தனியாக எடுத்து விற்பது அவன் பிழைப்பு. தெருவில் அவனுக்கு டிவி டாக்டர் என்று பெயர். அவன் கைக்கு வந்த நோயாளி ஒன்றுகூடப் பிழைத்ததில்லை என்பது வேறு விஷயம்.

அந்தக் கட்டை அவர்கள் தொழிலின் காவல். ஒருமுறை, ஓடுமா பார்ப்போம் என்று ஒரு டிவிக்குக் கரண்ட் கொடுத்துவிட்டு உள்ளே கைவிட்டவனை ஷாக் பிடித்துக்கொண்டது. கத்தக்கூட வாய் வரவில்லை. அவளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தியதால்தான் அவள் எட்டிப் பார்த்தாள், கையில் கிடைத்த கட்டையால் ஒரு போடு போட்டாள், கை விடுபட்டது.

அன்றிலிருந்து அது சட்டமாகிவிட்டது. மூடி திறந்திருக்கும்வரை அவன் வாய் ஓயாமல் பேச வேண்டும்; அவள் கட்டையோடு பின்னால் நிற்க வேண்டும். பேச்சு நின்றால் யோசிக்காமல் அடி.

அதனால் ஊர்க்கதை, உறவுக்கதை எல்லாம் அவர்கள் பேசித் தீர்த்தது டிவியின் முதுகுப்பக்கம்தான். மகளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி போய் வந்த நாளிலிருந்து அதுவும் நின்றுபோயிற்று. சாப்பாடு போதுமா என்று அவள் கேட்டால் தட்டைப் பார்த்துத் தலையாட்டுகிறான். டிவியைத் திறந்தால் டிவியோடு பேசுகிறான்.

“வாடா ராஜா... இந்த ஸ்குரூவ விடு... துருப்பிடிச்சுப் போச்சா, பரவால்ல, மெதுவா வா...”

செத்த டிவி ராஜாவாம். உயிரோடு நிற்கிறவளுக்கு ஒரு வார்த்தை கிடையாது.

நடந்தது இதுதான். வெளியே மழை என்று அவன் ஒரு டிவியின் கண்ணாடிப் படக்குழாயை வீட்டுக்குள் வைத்து உடைத்தான். வேண்டாம் வேண்டாம் என்று அவள் தலைபாடாய் அடித்துக்கொண்டாள். மறுநாள் கட்டிலைவிட்டு இறங்கிய மகளின் பாதத்தில் கண்ணாடிச் சில்லு ஏறியது.

ஆஸ்பத்திரியில் தையல் போடும்போது, நர்ஸ் முன்னாலும் காத்திருந்த அத்தனை பேர் முன்னாலும் அவன் அவளைப் பார்த்துத்தான் கத்தினான். வீட்டைக் கூட்டத் துப்பில்லாதவளை நம்பிப் பிள்ளையை விட்டேனே என்றான். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்தது.

தப்பு தன்னுடையது என்று அவனுக்குத் தெரியும். அது அவனுக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து மன்னிப்பு என்கிற சொல் மட்டும் அவன் வாயிலிருந்து வந்ததே இல்லை.

மகளைத் தன் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டாயிற்று. தனியாளாக டிவியைத் திறந்து எதையாவது இழுத்துக்கொள்வானே என்ற பயத்தில்தான் இவள் இன்னும் நிற்கிறாள். இந்த டிவி முடிந்ததும் இவளும் கிளம்புகிறாள், திரும்பி வருவதாக இல்லை. கட்டிவைத்த பை வாசற்படியருகே இருக்கிறது. காலையில் அதைப் பார்த்தவன், தாண்டிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, டிவியின் இரும்புச் சட்டத்தோடு கம்பி போட்டுக் கட்டிய ஸ்குரூடிரைவரை, படக்குழாயின் ரப்பர் மூடிக்கு அடியில் செருகினான் அவன். பிளக்கைப் பிடுங்கிப் போட்டாலும் குழாய்க்குள் கரண்ட் பதுங்கிக் கிடக்கும். அதை இறக்காமல் கைவைக்கக் கூடாது. ‘டப்’ என்று பொறி தெறித்தது. மறுபடி செருகினான், சத்தமே இல்லை.

“அவ்ளோதான்டா ராஜா... இப்ப உன் காப்பரக் குடு...” என்று குழாயின் கழுத்தில் சுற்றியிருந்த செம்புச் சுருளைப் பிடித்தான்.

அவள் பார்வை வாசற்படிக்குப் போனது. காலையில் மகள் போனில் கேட்டதை அவனிடம் சொல்லாமல் வைத்திருந்தாள். சொன்னால் தன் மனசு இளகிவிடும் என்று பயந்தாள்.

அப்போதுதான் உறைத்தது. பேச்சைக் காணோம்.

அவன் கை டிவிக்குள் இருந்தது. தலை தொங்கிப்போயிருந்தது. தோள்கள் இரண்டும் வெடவெடவென்று நடுங்கின.

“என்னங்க?”

பதில் இல்லை. அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டு, இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி, ஓங்கிப் போட்டாள்.

கட்டை அவன் கைமேல் இறங்கியது. செம்புச் சுருளோடு பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தான். கட்டையை எறிந்துவிட்டு அவன் தலையை மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டாள். கன்னத்தைத் தட்டினாள், உள்ளங்கையைத் தேய்த்தாள்.

“பேசுங்க... திட்டவாவது செய்யுங்க. பாப்பா காலைல உங்களத்தான் கேட்டா. அப்பா சாப்ட்டாரா, அப்பா ஏன் வரலன்னு கேட்டா. நான்தான் வேணும்னே சொல்லல. ஒரு வார்த்த பேசுங்க.”

அவன் கண்ணைத் திறந்தான். கண் நிறைய நீர் நின்றது. வீங்கத் தொடங்கிய கையைப் பிடித்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தான். வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான்.

“ஷாக்கெல்லாம் இல்ல... உன்கிட்ட மன்னிப்பு கேக்கலாம்னு பாத்தேன், வாய் வரல.”