கண்ணாடி இல்லாத சட்டம்

"கண்ணாடி வேணாம், பின்னாடி அட்டையும் வேணாம். நாலு பக்கமும் மரச்சட்டம் மட்டும் போதும்" என்றாள் அன்புச்செல்வி.

செங்கம் சாலையில் படங்களுக்கு ஃப்ரேம் போடும் முருகவேல் தலையைச் சொறிந்தார். "ஃபைபர்ல வாங்கிக்கோங்களேன். தேக்கு மாதிரியே இருக்கும், விலையும் கம்மி."

"மரமே போடுங்க. செவுத்துல வெச்சு ஆணி அடிக்கணும். நாளைக்குப் பொண்ணு பார்க்க வர்றாங்க."

"யாரு படம்டி மாட்டப் போற?"

கேட்டது பக்கத்து வீட்டு ஜோதியம்மாள். யாரும் கூப்பிடவில்லை, அவளாகவே ஷேர் ஆட்டோவில் ஏறி வந்திருந்தாள்.

"ரொம்ப வேண்டியவங்க படம்க்கா."

"செத்துட்டாங்களா?"

"நல்லாத்தான் இருக்காங்க."

அன்புச்செல்வி முன்பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். ஜோதியம்மாளுக்குத் தலை வெடித்தது.

இரண்டு வீட்டுக்கும் ஒரே நடுச்சுவர். காற்றோட்டத்துக்கென்று அதில் ஒரு திறப்பு. அடைக்க வீட்டுக்காரர் விடமாட்டார். போன மாதம் அன்புச்செல்வியின் மகள் கவிநிலாவைப் பார்க்க வந்தவர்களிடம் அதன் வழியே தலையை நீட்டி, "பொண்ணு தங்கம்ங்க. தூக்கத்துல நடக்கறது ஒண்ணுதான்" என்று நல்லதாக நாலு வார்த்தை சொன்னது ஜோதியம்மாள்தான். வந்தவர்கள் காபியைக்கூடக் குடிக்கவில்லை. இந்த வரனும் கைவிட்டுப் போனால் தாங்க முடியாது என்று அன்புச்செல்வி மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் மாலை, அடி அண்ணாமலையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். ஜோதியம்மாள் வழக்கம்போலத் தன் பக்கத்து விளக்கை அணைத்துவிட்டு, திறப்பில் முகத்தைப் பதித்தாள். அங்கிருந்து தெரிந்த மூன்று சுவரையும் கண்ணால் துழாவினாள். புதுப்படம் ஒன்றையும் காணோம். ஆசையாக வாங்கிய சட்டத்தை எங்கே ஒளித்து வைத்தாள் இந்தப் பாவி?

அப்போது மாப்பிள்ளையின் அம்மா ராஜம்மாள் எழுந்து, நேராக ஜோதியம்மாளின் முகத்துக்கு முன்னால் வந்து நின்று, பயபக்தியோடு கைகூப்பினாள்.

"என்னா களையான முகம்! மாலை வாடக்கூட இல்லியே. எப்பங்க தவறினாங்க?"

"போன மாசம்தாங்க தவறினாங்க" என்றாள் அன்புச்செல்வி.

சுவரின் அந்தப் பக்கம் திறப்பைச் சுற்றி அடித்திருந்த புது மரச்சட்டத்துக்கும் சாமந்தி மாலைக்கும் நடுவில், ஜோதியம்மாள் இமைகூடக் கொட்டவில்லை.